கேட், கிரில், கைப்பிடி: குமரி மாவட்ட வீட்டுக்கு எந்த உலோகம், எந்தப் பூச்சு?

வீடு கட்டுகிறவர்கள் பலர் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி பற்றி யோசிப்பது சுவர்ப் பூச்சு வேலை முடியும் தறுவாயில்தான். கையில் பணம் குறைந்திருக்கும் நேரம் அது. மூன்று பட்டறையில் கொட்டேஷன் கேட்டால், ஒருவர் கிலோவுக்கு விலை சொல்வார், இன்னொருவர் சதுர அடிக்குச் சொல்வார், மூன்றாமவர் ரன்னிங் அடிக் கணக்கு. கிலோ கணக்கில் எடுத்தவருக்குக் கனமான கம்பி போட்டால் லாபம். சதுர அடிக் கணக்கில் எடுத்தவருக்கு மெல்லிய பைப் போட்டால் லாபம். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, கணக்கு அப்படி. ஆனால் வாங்குகிறவர் மூன்று விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது, வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்பதைத்தான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் ஆனி, ஆடிக் காற்று அலையின் தெறிப்பை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து போடும். அந்த உப்புத் துளிகளில் பெரும்பகுதி கரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரிலேயே படிந்துவிடும். அதனால் கடலைப் பார்த்த முதல் வரிசை வீட்டுக்கும், இரணியல், தக்கலை பக்கத்து வீட்டுக்கும் ஒரே கேட் ஒரே காலம் உழைக்காது. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் மழையும் ஈரமும் நிறைய உண்டு, உப்பு கிடையாது.

இந்த வித்தியாசத்துக்கு எண் கணக்கே இருக்கிறது. ஐஎஸ்ஓ 9223 என்ற தரநிலை, காற்றின் அரிக்கும் திறனைச் சி1 (மிகக் குறைவு) முதல் சிஎக்ஸ் (மிக மிக அதிகம்) வரை வகைப்படுத்துகிறது. சி3 வகை இடத்தில் வெறும் இரும்பு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரான் வரை தேயும். சி5 இடத்தில் 80 முதல் 200 மைக்ரான். (1000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.) உப்பு படியும் கரையோர வீட்டைச் சி5 என்றும், குலசேகரம் போன்ற ரப்பர் தோட்டப் பக்கத்து வீட்டைச் சி3 என்றும் வைத்துக்கொண்டு மேலே போகலாம். நாகர்கோவில் டவுன் இரண்டுக்கும் நடுவில்.

கரையோரத்தில் முதலில் துருப் பிடிப்பது மழையில் நனையும் கேட் என்றுதான் தோன்றும். கடல் பக்கத்து ஜன்னலில், சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் கிரில்லைப் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் அதுதான் முந்திக்கொண்டு போயிருக்கும். கேட்டில் படிந்த உப்பைக் கோடை மழையும் இரண்டு பருவமழையும் கழுவிவிடும். சன்ஷேடுக்கு அடியில் மழை எட்டாது, உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். இரவு ஈரத்தில் அந்த உப்பு தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு வேலையைக் காட்டும். பணம் குறைவாக இருந்தால் நல்ல பூச்சைக் கேட்டுக்குப் போடாமல் இந்தக் கிரில்லுக்குப் போடுங்கள் என்பேன். கேட் எல்லோர் கண்ணிலும் படுவதால் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை.

கம்பியா, பைப்பா

நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு அங்குல இடைவெளியில் 11 நிலைக்கம்பி வரும். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ. மொத்தம் 15 கிலோ, சட்டம் தனி. அதே இடத்தில் முக்கால் அங்குலச் சதுர பைப், 1.2 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் 9 கிலோவில் முடிந்துவிடும். பார்வைக்குப் பைப் பருமனாகத் தெரியும், எடையோ கம்பியில் பாதிக்குச் சற்றுத்தான் மேலே.

உட்புற ஊர்களில் பைப் ஒரு குறையும் இல்லை. கரையோரத்தில் எனக்கு அது பிடிக்காது. சி5 கணக்கில் பூச்சு போன இடத்தில் வருடம் 200 மைக்ரான் வரை தேயும் என்றால், 1.2 மில்லிமீட்டர் சுவர் ஆறேழு வருடத்தில் ஓட்டையாகிவிடலாம். பைப்பின் உள்பக்கத்துக்கு எந்தப் பெயின்டும் போவதில்லை. முனையை மூடாமல் விட்டாலோ, டேக் வெல்டு (அங்கங்கே புள்ளி மட்டும் வைக்கும் வெல்டு) வைத்த இடுக்கில் தண்ணீர் இறங்கினாலோ, உள்ளிருந்து துரு தின்று வரும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே கட்டை விரலால் அழுத்தினால் உள்வாங்கும். கட்டிக் கம்பியில் அதே தேய்மானம் கண்ணுக்கே தெரியாது, சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். பைப்தான் வேண்டும் என்றால் 2 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். எல்லா முனையிலும் மூடி வைத்து முழு வெல்டு அடிக்கச் சொல்லுங்கள்.

முழு வெல்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு துண்டு சேரும் இடத்தில் இரண்டு பக்கம் மட்டும் புள்ளி வைத்துவிட்டு, மீதி இடைவெளியைப் பட்டி வைத்து மூடிப் பெயின்ட் அடிப்பது வேகமான வேலை. உறுதிக்கு அது போதும்தான். துருவுக்குப் போதாது. பட்டி வெயிலில் விரிந்து சுருங்கி ஒரு மயிரிழை விரிசல் விட்டதும் உப்புத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். எம்எஸ் (மைல்டு ஸ்டீல் என்ற சாதாரண இரும்பு) கம்பிக்குச் சாதாரண ராடு வெல்டிங்கே போதுமானது, கசடைத் தட்டி எடுத்துக் கிரைண்டிங் செய்தால் சரி. மெல்லிய பைப்புக்கு சிஓ2 வெல்டிங் சுத்தமாக இருக்கும், ஓட்டை விழாது. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்புக்கு ஆர்கான் வெல்டிங்தான், அதில் சமரசம் வேண்டாம்.

ஜிஐ என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்

"ஜிஐ போட்டுத் தாறேன், துருவே பிடிக்காது" என்று பட்டறையில் சொன்னால், எந்த ஜிஐ என்று கேளுங்கள். ஜிஐ என்றால் துத்தநாகப் பூச்சு ஏற்றிய இரும்பு. பட்டறையில் அதிகம் புழங்கும் சதுர பைப் பெரும்பாலும் ஜிபி என்ற, ஏற்கெனவே துத்தநாகம் பூசி வரும் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. அந்தத் தகட்டில் துத்தநாகம் எவ்வளவு என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று, இரண்டு பக்கமும் சேர்த்துச் சொல்வார்கள். 120 கிராம் தகடு என்றால் ஒரு பக்கத்துக்கு 60 கிராம், அதாவது சுமார் 8 மைக்ரான். சி5 காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் தேயும். ஆக, கரையோரத்தில் அந்தப் பூச்சுக்கு ஒன்றிரண்டு வருடம்தான் ஆயுள். அதையே குலசேகரத்தில் வைத்தால், சி3 காற்றில் தேய்மானம் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு மைக்ரான் என்பதால், நாலு முதல் எட்டு வருடம் தாங்கும்; மேலே பெயின்டும் இருந்தால் இன்னும் நீளும்.

இரண்டாவது, தண்ணீர்க் குழாயாக விற்கும் கனமான ஜிஐ பைப். இதில் துத்தநாகம் பல மடங்கு அதிகம். ஆனால் வெட்டி வெல்டு அடித்த இடத்தில் அது எரிந்து போய்விடும். வெல்டிங் தீயில் துத்தநாகம் ஆவியாகி எழும் வெள்ளைப் புகைதான் வெல்டர்களுக்கு அன்று இரவு காய்ச்சலும் நடுக்கமும் தருவது. வெல்டு அடித்த இடத்தில் வெள்ளி பெயின்ட் அடித்து நிறத்தை ஒப்பேற்றிவிடுவார்கள். அலுமினியத் தூள் கலந்த அந்தப் பெயின்ட் நிறத்தைத் தரும், துத்தநாகம் செய்த வேலையைச் செய்யாது. அங்கே துத்தநாகத் தூள் நிறைந்த ஜிங்க் ரிச் பிரைமர் அடிக்க வேண்டும். பெரிய செலவில்லை, கேட்டால்தான் அடிப்பார்கள்.

மூன்றாவதுதான் கரையோர வீட்டுக்கு உண்மையில் உதவுவது: வெட்டு, வெல்டு, ஓட்டை எல்லாம் முடித்த பிறகு முழு கிரில்லையும் சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைசிங். பைப்பின் உள்ளும் புறமும், வெல்டின் இடுக்கும் எல்லாம் மூடப்பட்டுவிடும். ஐஎஸ் 4759 தரநிலைப்படி 5 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள இரும்பில் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும், அது சுமார் 85 மைக்ரான். ஜிபி பைப்பின் எட்டு மைக்ரானுடன் ஒப்பிட்டால் பத்து மடங்கு. அதே கரையோரக் காற்றில் பத்திலிருந்து இருபது வருடம், உள்நாட்டில் நாற்பதுக்கும் மேல். உயர் அழுத்த மின் கோபுரங்கள் பெயின்ட் இல்லாமல் சாம்பல் நிறத்தில் இத்தனை காலம் நிற்பது இந்த முறையில்தான்.

ஹாட் டிப்பின் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். கிரில்லை வண்டியில் ஏற்றித் தொட்டி இருக்கும் ஆலைக்கு அனுப்பிக் கொண்டுவர வேண்டும், ஒரு ஜன்னலுக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். அக்கம்பக்கத்து வீட்டு வேலையையும் சேர்த்து அனுப்பினால் வாடகை கட்டுப்படி ஆகும். மூடிய பைப்பாக இருந்தால் காற்றும் துத்தநாகமும் போய்வர ஓட்டை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகித் தொட்டியிலேயே வெடிக்கும். மெல்லிய தகடு சூட்டில் நெளியும். அப்புறம் நிறம்: முதலில் பளபளக்கும், சில மாதத்தில் மங்கிச் சாம்பலாகும். அதன் மேல் சாதாரண எனாமல் பெயின்டை நேராக அடித்தால் உரிந்து வரும். எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்துடன் சேர்ந்து சோப்பு போல மாறுவதே காரணம். எபாக்சி பிரைமர் ஒரு கோட் அடித்து, மேலே விருப்பமான நிறம். இப்படி இரண்டும் சேர்ந்தால் கிடைக்கும் ஆயுள், தனித்தனி ஆயுளைக் கூட்டினால் வருவதைவிட அதிகம்.

ரப்பர் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஷீட் அடிக்கும் கொட்டகையில் பால் உறைய ஆசிட் ஊற்றுகிற இடத்தில் துத்தநாகப் பூச்சு வீண், ஆசிட் அதைக் கரைத்துவிடும். அங்கே எஸ்எஸ் ஸ்டாண்டு வையுங்கள்.

பெயின்ட், பவுடர் கோட்டிங்

நம் ஊரில் வழக்கம் ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். உட்புற ஊரில், சரியாகச் செய்தால், இது மோசமில்லை. சரியாகச் செய்வது என்றால்: ஆலையில் உருட்டும்போது இரும்பின் மேல் ஒட்டியிருக்கும் கருநீலச் செதிலைச் சுரண்டி எடுக்க வேண்டும், எண்ணெயை டின்னர் வைத்துத் துடைக்க வேண்டும், கூர்முனைகளைக் கிரைண்டரில் கொஞ்சம் மழுக்க வேண்டும். கூர்முனையில் பெயின்ட் நிற்காமல் மெலிந்துவிடும், துரு தொடங்குவது அங்கேதான். அதனால் முனைகளுக்கும் வெல்டு இடங்களுக்கும் முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை ஓட்டிவிட்டு அப்புறம் முழுக்க அடிக்க வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து, கிரகப்பிரவேசம் வரை ஆறு மாதம் வெளியே சாத்தி வைத்திருப்பதைப் பல இடத்தில் பார்க்கலாம். அந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே விடும். அதன் அடியில் துரு தொடங்கிய பிறகு எனாமல் அடித்து என்ன பயன்?

கடற்கரைக்குப் பெயின்ட்தான் என்று முடிவு செய்தால், எபாக்சி ஜிங்க் பிரைமர், நடுவில் எபாக்சி, மேலே பியூ என்ற பாலியூரத்தேன். இந்த வகைப் பெயின்டுக்கு மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும், கம்பி பிரஷ் போதாது. துகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் வேண்டும். அதற்குப் பயன்படும் கார்னெட் மணல், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் ஒன்று. அதே மணலில் உள்ள இல்மனைட்டிலிருந்துதான் பெயின்டின் வெள்ளை நிறத்துக்கான டைட்டானியம் டை ஆக்சைடும் செய்கிறார்கள். அதற்காகக் கடற்கரை மணலை அள்ளிவந்து அடிக்கச் சொல்லாதீர்கள். மணலில் உள்ள உப்பு இரும்பில் ஏறிவிடும், சிலிக்கா தூசி அடிப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் அடிக்கக் கூடாது என்பது பொது விதி. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு என்பதால், தை முதல் சித்திரை வரைதான் நிம்மதியாகப் பெயின்ட் அடிக்கும் காலம்.

பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. 60 முதல் 80 மைக்ரான் ஒரே சீராக ஏறும், 180 முதல் 200 டிகிரி அடுப்பில் உருகிப் படியும். பிரஷ் தடம் கிடையாது. கைப்பிடி, உட்புறக் கிரில், மாடிப்படிப் பலகை இதற்கெல்லாம் நான் இதைத்தான் சொல்வேன். வெளியே போடுவதானால் பியூர் பாலியஸ்டர் பவுடர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எபாக்சி கலந்த பவுடர் வெயிலில் சாக்பீஸ் தூள் போல உதிரும். அடுப்பின் நீளத்துக்கு மேல் கேட் செய்ய முடியாது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய குறை ஒன்றுதான்: கோட்டிங் முடிந்து வந்த பிறகு சைட்டில் ஒரு இடத்தில் வெல்டு அடித்தாலும் அந்த இடம் போச்சு. டச்சப் ஸ்பிரே நிறத்தைத்தான் ஒட்டவைக்கும். வெறும் எம்எஸ் மேல் பவுடர் போட்டு முதல் வரிசைக் கடலோர வீட்டில் மாட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு கீறல் விழுந்தால் துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும், உரியும்வரை தெரியாது.

லேசர் வெட்டு டிசைன் தகடு வைத்த கேட் இப்போது நிறைய வருகிறது. ஆக்சிஜன் வைத்து வெட்டிய எம்எஸ் தகட்டின் ஓரத்தில் ஒரு கருப்பு ஆக்சைடு படலம் இருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் பவுடரோ பெயின்டோ போட்டால் ஓரமெல்லாம் செதிலாக உதிரும். மயில் தோகையின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் எமரி தேய்க்க வேண்டும் என்பதால் பலர் செய்வதில்லை. டிசைன் எளிமையாக இருந்தால் கேட்டுக்கு நல்லது.

எஸ்எஸ் என்றால் துருப் பிடிக்காதா?

பிடிக்கும். எஸ்எஸ்ஸைக் காப்பது அதன் மேல் தானாகவே உண்டாகும் குரோமியம் ஆக்சைடுப் படலம். உப்பில் உள்ள குளோரைடு அதைத் துளைக்கும். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316ல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், கடலோரத்தில் வித்தியாசம் காட்டுவது அதுதான். 202ல் நிக்கலைப் பாதியாகக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், விலை குறைவு. மூன்றும் கடையில் ஒரே பளபளப்பு. காந்தம் வைத்துப் பார்க்கும் வித்தை இங்கே எடுபடாது, இந்த மூன்றுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாது. 202ஐயும் 304ஐயும் நிறம் மாற்றிக் காட்டும் சோதனைத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. பைப்பின் மேல் அச்சிட்ட ரகத்தைப் பார்த்துவிட்டு, பில்லிலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் மாடிப்படிக்கு 304 தாராளமாகப் போதும். 202கூட நாகர்கோவிலுக்குள் ஓடும். கடலைப் பார்த்த பால்கனிக்கு 316 தவிர எதையும் சொல்ல மாட்டேன். அதிலும் டீக்கறை போன்ற பழுப்பு படியும், நல்ல தண்ணீரில் துடைத்தால் போய்விடும். மேற்பரப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு உப்பு குறைவாக ஒட்டும், ஆகையால் கடலோரத்தில் கண்ணாடி பாலிஷ் நல்லது. சொரசொரப்பான மேட் தவிர்க்கலாம். கோடு போட்ட ஹேர்லைன் வேண்டும் என்றால், தூணில் கோடு மேலிருந்து கீழாக ஓடட்டும், தண்ணீர் வழிந்துவிடும்.

எஸ்எஸ் வேலை கெடுவது பெரும்பாலும் உலோகத்தால் இல்லை, பட்டறையால். எம்எஸ் அறுத்த அதே கட்டிங் வீலை எஸ்எஸ்ஸிலும் வைத்தால் இரும்புத் துகள் அதில் புதைந்து, மாதத்துக்குள் செம்புள்ளி தோன்றும். வெல்டு அடித்த இடத்தில் தோன்றும் நீல, பழுப்பு நிறத்தைப் பிக்கிளிங் பேஸ்ட் என்ற ஆசிட் பசை தடவியோ நன்றாகப் பஃபிங் செய்தோ எடுக்க வேண்டும், அந்த இடத்தில் பாதுகாப்புப் படலம் பலவீனம். 316 பைப்பை 316எல் ராடு வைத்தே வெல்டு அடிக்க வேண்டும். எஸ்எஸ் தகட்டில் எம்எஸ் ஸ்க்ரூ போட்டால், அந்தச் சின்ன ஸ்க்ரூ அதிவேகமாகக் கரையும்.

அலுமினியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல் சட்டத்துக்கு நல்லது. கரையோரத்தில் 25 மைக்ரான் அனோடைசிங் (மின்சாரம் செலுத்தி ஏற்றும் ஆக்சைடுப் படலம்) அல்லது நல்ல பாலியஸ்டர் பவுடர் கேளுங்கள். எஸ்எஸ் போல்ட் போடும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள். சிமெண்ட் பட்டால் கறை நிரந்தரம். திருடனைத் தடுக்கும் கிரில்லாக அதை நம்ப மாட்டேன்.

சரி, நான் எதை எங்கே போடுவேன்? கடலோர முதல் வரிசையில் ஜன்னலுக்கு 12 மில்லிமீட்டர் கட்டிக் கம்பி, ஹாட் டிப், மேலே எபாக்சி பிரைமரும் பியூவும், பால்கனிக்கு 316. ஓரிரு கிலோமீட்டர் உள்ளே வந்தால் அதே கம்பிக்கு எபாக்சி ஜிங்க் பிரைமரும் பியூவும், கைப்பிடிக்கு 304. தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் 2 மில்லிமீட்டர் பைப்பில் பவுடர் கோட்டிங். அங்கே 316 வாங்குவது வீண் செலவு. மிச்சப் பணத்தைக் கிணற்று மோட்டாருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொட்டேஷனில் மொத்த எடை, பைப் கனம், பூச்சின் பெயரும் மைக்ரானும், எஸ்எஸ் ரகம், முழு வெல்டு ஆகிய இவ்வளவையும் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தருகிற மூவரின் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். வேலை வரிசையிலும் ஒரு கண் வேண்டும். டைல்ஸ் போட்டவர் தரையைக் கழுவ ஊற்றுவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அதன் ஆவி பட்டாலே புது எஸ்எஸ் கைப்பிடி ஒரு வாரத்தில் பழுத்துப்போகும். அந்தக் கழுவல் முடிந்து, தரை காய்ந்த பிறகே கைப்பிடியை மாட்டச் சொல்லுங்கள்.